சாக்குப் பிடித்தவன்

தங்கபுஷ்பத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். என் மனைவிதான், தம்பி. மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தவள் கையை அசைத்து என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"பியூலாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில?" என்று கேட்டாள்.

பியூலா எங்கள் மகள். ஒரே பிள்ளை. ஒன்பது வயதில் போய்விட்டாள். அவள் போய் அப்போது இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

"வலது கன்னத்தில" என்றேன்.

"நல்லா தெரியுமா?"

"தெரியும்."

"சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இளநீர் குடிக்கணும் போல இருக்கு என்றாள். நான் கீழே போய் இளநீர் வெட்டச் சொல்லி, தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு ஏறி வந்தேன். வருவதற்குள் கட்டிலைச் சுற்றித் திரை போட்டுவிட்டார்கள்.

எனக்குத் தெரியாது, தம்பி. வலதா இடதா என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவள் கேட்டாள், நான் ஒன்றைச் சொன்னேன். அறுபத்துமூன்று வயது வரை பொய் சொல்லாமல் ஜீவித்தேன் என்று சபையில் சாட்சி சொன்னவன் நான். கடைசி வார்த்தையாக அவளிடம் சொன்னது அது.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று பாஸ்டர் போனில் சொல்லிவிட்டார். போன மாதம் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறீர்கள். ஸ்தேவான் என்று பேர். நல்ல பேர். வீட்டுச் சுவரில் உங்கள் அப்பா படம் இருக்கிறது. அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாயங்காலம் ஆனால் விளக்கேற்றுகிறார்கள். எடுக்கச் சொன்னால் கேட்கவில்லை. வேதமாணிக்கம் ஐயா வந்தால் எடுத்துவிடுவார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதுதானே?

வருகிறேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். அவசரம் இல்லையே?

ஊரில் எனக்குச் சாக்கு வேதமாணிக்கம் என்று பேர். உங்களுக்கும் அப்படித்தான் அடையாளம் சொல்லியிருப்பார்கள். தொழில் மோட்டார் காயில் கட்டுவது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. காயில் கட்டுவதை எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். வேதத்தையும் அப்படித்தான், நானே உட்கார்ந்து படித்தேன். நாங்கள் ரெண்டு பேரும் ஊரில் உள்ள பழைய கிறிஸ்தவக் கோயிலில் இருந்தவர்கள். நான் இரட்சிக்கப்பட்டு இந்தச் சபைக்கு வந்தேன், அவளும் என் பின்னால் வந்தாள்.

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டல்லவா. யாராவது ஞானஸ்நானம் எடுத்தால் சகோதரர்கள் அவர்கள் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணி, சாமி படம், குத்துவிளக்கு, மந்திரித்த தாயத்து, வாசலில் கட்டிய பூசணிக்காய் எல்லாவற்றையும் வெளியேற்றுவது. அதற்குச் சாக்கு கொண்டுபோகிறவன் நான். முப்பது வருஷம் அந்த ஊழியம் செய்தேன். அதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நான் எதிலும் கை வைக்க மாட்டேன். வீட்டுக்காரர்தான் தன் கையால் எடுத்துப் போட வேண்டும். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மனம் வராமல் நின்றால் மணிக்கணக்கில் நிற்பேன். ஒரு வீட்டில் ஒரு அம்மாள் முருகன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றேன். கடைசியில், இன்றைக்கு வேண்டாம், அம்மா, என்று சாக்கை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பிடுங்கினால் அது திருட்டு, கொடுத்தால்தான் காணிக்கை. இதை நான் பாஸ்டருக்கே சொல்லிக் கொடுத்தேன்.

விக்கிரக விஷயத்தில் நான் கொஞ்சமும் வளைந்தவன் இல்லை. கீழத்தெரு அம்மன் கோயில் கிணற்று மோட்டார் ஒருமுறை எரிந்துவிட்டது. கோயில் பொறுப்பைப் பார்க்கிற சுடலைமுத்து தலையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கட்டமாட்டேன் என்றேன்.

"ஏன்வே, மோட்டாரும் சாமி கும்பிடுதோ?" என்றார்.

"அந்தத் தண்ணி அபிஷேகத்துக்குப் போகுது."

"பாதித் தண்ணி தெருவுக்குப் போகுது வே. அந்தப் பாதிக்காவது காயில் கட்டும். மீதிப் பாதியை நான் சாத்தூர்ல கட்டிக்கிடுதேன்."

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மோட்டார் சாத்தூருக்குப் போய்த் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. எங்கள் வீட்டுக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். பன்னிரண்டு நாளும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுமந்தோம். சத்தியத்துக்காகப் பாடுபடுவதும் பாக்கியம்தானே. தங்கபுஷ்பம்தான் சுமந்தாள். எனக்குக் கடை இருந்தது.

பியூலா போனது மூளைக்காய்ச்சலில். நாலு நாள். அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு படம் இருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியபோது, தங்கபுஷ்பம் பிடிவாதமாக ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தது. ரெட்டைச் சடை, ரிப்பன், கையில் பரிசு எவர்சில்வர் தம்ளர். கறுப்பு வெள்ளை. பிள்ளையை அடக்கம் பண்ணின பிறகு அதைச் சட்டம் போட்டு இந்தச் சுவரில் மாட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் வைப்பது பாவம் இல்லை.

பிறகு சனிக்கிழமை தோறும் ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். அவள் தலையில் வைப்பதில்லை, சபைக்கு வந்த பிறகு பூ வைப்பதை விட்டுவிட்டாள். சட்டத்தின் மேலே ஒரு துண்டு வைப்பாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பாள். துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டியாட்டி?" என்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், என்னையா கேட்கிறாய் என்று திரும்பினால் படத்தைப் பார்த்து நிற்பாள்.

"செத்தவங்களோட பேசக் கூடாது, புஷ்பம்" என்று சொன்னேன்.

"நான் எங்க பேசுதேன், துடைக்கேன்" என்றாள்.

இப்படி ரெண்டு வருஷம். நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் உபவாச ஜெபம். இருபது பேர் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது ஆபேல்ராஜ் பிரதர் சுவரைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். அவர் தமாஷான மனுஷன்.

"ஊர் வீட்டுக்கெல்லாம் சாக்கு போகுது" என்றார். "சாக்குக்காரர் வீட்டுக்கு எந்தச் சாக்கு வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டர் அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் காப்பித் தட்டோடு உள்ளே போய்விட்டாள். எனக்குக் காது ரெண்டும் சுட்டது. சுடலைமுத்து சிரித்தபோது எனக்கு ஒன்றுமில்லை. அது புறஜாதி சிரிப்பு. இது அப்படி இல்லை.

திங்கட்கிழமை தண்ணீர் முறை. தங்கபுஷ்பம் ரெண்டு குடத்தோடு தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். வரிசை நீளம், வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். படத்தைக் கழற்றினேன். பின்பக்க ஆணியைப் பிடுங்கிக் கண்ணாடியைத் தனியாக எடுத்தேன். சட்டத்தையும் படத்தையும் கடைக்குப் பின்னால் கொண்டுபோனேன். அங்கே வார்னிஷ் துணி எரிக்கிற டப்பா உண்டு. அதில் போட்டேன். பழைய போட்டோத் தாள் சீக்கிரம் எரியும்.

என் ஒழுங்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். வீட்டுக்காரர் கையால் கொடுக்க வேண்டும் என்றேனே. தோன்றலாம். ஆனால் அது என் வீடு, தம்பி. வீட்டுக்காரன் நான்தானே. என் கையால் நானே போட்டேன். ஒழுங்கு மீறவில்லை. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அவள் வந்தாள். சுவரைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கினாள், தலையில் இருந்ததையும் இறக்கினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எங்க?" என்றாள்.

"தீயில போட்டாச்சு."

"கண்ணாடியோடயா?"

"கண்ணாடியைத் தனியா எடுத்துட்டேன்."

"கையைக் கிழிச்சுக்கிடலியே?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று வசனம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னேன். என் சொந்த வீட்டில் வளர்ந்த விக்கிரகத்தை என் சொந்தக் கையால் சுட்டெரித்தேன் என்றேன். கைதட்டலும் ஸ்தோத்திரமும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பாஸ்டர் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஆபேல்ராஜ் பிரதர் அழுதார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னால் பியூலா பிறந்த அன்றைக்குத்தான் இருந்தது. தங்கபுஷ்பம் பெண்கள் பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் அந்தச் சாட்சியைச் சொல்லச் சொல்வார்கள். சொல்வேன். சொல்லச் சொல்ல நன்றாகச் சொல்ல வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள் என்று பழகிவிட்டது. தம்ளரைச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். பெண்கள் அழுவார்கள். ஒருமுறை ஒரு மூன்று நாள் கூட்டத்துக்குக் கிளம்பிச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க?" என்றாள்.

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"ஒரு தடவை எரிச்சது போதாதா? ஊர் ஊராப் போய் எரிக்கணுமா?"

சாத்தான் எந்த வாயிலும் பேசுவான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

அவள் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிறு தவறியதில்லை. எனக்கு முன்னால் எழுந்து ஜெபம் பண்ணுவாள். பூக்காரி தெருவில் போனால் மட்டும் உள்ளே போய்விடுவாள். புது வருஷத்துக்குச் சபைக் காலண்டர் கொடுத்தார்கள். இதோ, இதே மாதிரிதான், பாஸ்டரும் அம்மாவும் பிள்ளைகளும் கோட்டு சூட்டோடு நிற்கிற படம். சுவரில் ஆணி சும்மாதானே இருந்தது, அதில் மாட்டினேன். தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவங்களுக்குப் பூ வைக்கலாமா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அபிஷேகம் பெற்ற ஊழியக்காரரைக் கேலி பண்ணாதே என்றேன். காலண்டர் வேறு, தம்பி. அது தேதி பார்க்க. காய்ச்சல், தலைவலி என்றால் அந்தப் படத்தின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணப் பாஸ்டர் சொல்லியிருக்கிறார், அது விசுவாசத்துக்காக. சாயாதீர்கள், தாள் கிழிந்துவிடும்.

ஒன்பது வருஷம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"எனக்கு அவ முகம் வரமாட்டேங்குது" என்றாள்.

"யார் முகம்?"

"கண்ணை மூடுனா பாவாடை தெரியுது. சடை தெரியுது. தம்ளர் தெரியுது. முகம் இருக்கிற இடத்துல ஒண்ணுமில்ல. போன வாரம் வரைக்கும் இருந்துச்சு. இப்ப இல்ல. உங்களுக்கு வருதா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்குப் பூ வந்தது. சட்டத்தின் மேல் இருந்த மல்லிகைத் துண்டு, அது அப்படியே வந்தது. வாடின ஓரம்கூட வந்தது. ரெண்டு வருஷம் தினமும் அந்தச் சுவரைப் பார்த்தவன் நான். பூவைத்தான் பார்த்திருக்கிறேன்.

"வருது" என்றேன்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரர் இறந்துவிட்டார், மகன் இருந்தான். பழைய நெகட்டிவ் எல்லாம் வெள்ளி எடுக்கிறவன் எடைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றான். "அதுல வெள்ளி இருக்கு ஐயா, தெரியாதா?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

பியூலா படித்த பழைய கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் வேண்டாம் என்று விட்டுவந்த கோயில். பதினெட்டு வருஷமாக அந்தக் காம்பவுண்டில் கால் வைத்ததில்லை. தலைமையாசிரியை ஒரு வயதான அம்மாள், நல்லவர்கள். அலமாரியில் தேடி ஒரு வகுப்புப் படம் எடுத்தார்கள். நாற்பது பிள்ளைகள். பேர் எழுதவில்லை. மூன்றாவது வரிசையில் ரெட்டைச் சடையோடு ஒரு பிள்ளை, முன்னால் நிற்கிற பிள்ளையின் தலை பாதி முகத்தை மறைத்திருந்தது. மீதிப் பாதி அசைந்துவிட்டது.

"இதுதானே உங்க மக?" என்று கேட்டார்கள்.

"இதுதான்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார்கள். மடிக்காமல் ஒரு அட்டையில் வைத்துக் கொண்டுவந்து தங்கபுஷ்பத்திடம் கொடுத்தேன். விளக்கைப் போடச் சொன்னாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை போய்ப் பதினோரு வருஷம் கழித்து முதல் முறையாக அந்த வீட்டில் நானே ஒரு படத்தைக் கொடுத்து, வாங்கிக்கொள்ள மாட்டாளா என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"இது வேற பிள்ளை" என்றாள்.

மெதுவாக என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "யார் பிள்ளையோ. பத்திரமாக் கொண்டு குடுத்துடுங்க. அவங்க அம்மா தேடுவா."

வேறு பிள்ளையா, பியூலாதானா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவளுக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். முகம் வரவில்லை என்று அவளே சொன்னாளே. ஆனால் தப்பான முகத்தை மகள் என்று வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. மெய்யல்லாததன் முன்னால் நிற்கக் கூடாது என்று அத்தனை வருஷமாக நான்தான் ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணினேன்.

அந்த ஆண்டிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அந்தச் சாட்சியை நான் சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்பேன். அவள் போன பிறகு சாக்கையும் எடுக்கவில்லை. முழங்கால் வலி என்று பாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எட்டு வருஷமாக முழங்கால் வலி. அதுவும் பொய்தான், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது கட்டளைக்கு விரோதம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. கர்த்தர் ஒருவரைத் தவிர வேறு எதற்கும் முழங்கால் மடங்கக் கூடாது. அதை நான் இப்போதும் விடவில்லை. ராத்திரியும் பகலும் அவரிடம் ஒன்றையே கேட்கிறேன். நான் யாருக்காக எரித்தேன் என்று உமக்குத் தெரியுமே, எனக்குச் சொல்லும் என்று கேட்கிறேன். ஆபேல்ராஜ் பிரதர் அந்த வெள்ளிக்கிழமை கேலி பண்ணாமல் இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை நான் அதைக் கழற்றியிருப்பேனா? இதற்கு மட்டும் பதில் வரவில்லை.

நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சாக்கு கொண்டுவர மாட்டேன். அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிறேன். விளக்கைப் பற்றிப் பேசுவேன், நம் ஜெபத்துக்கு ஒரே ஒருவர்தான் என்று சொல்வேன். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வேன். படத்தைத் தொட மாட்டேன். நீங்களும் தொடக் கூடாது. அம்மா கடைக்கோ தண்ணீருக்கோ போயிருக்கிற நேரத்தில் நிச்சயமாகத் தொடக் கூடாது. பாஸ்டர் கேட்டால், வேதமாணிக்கம் சொன்னார் என்று சொல்லுங்கள். எனக்கு இனி என்ன.

சுவரைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். தங்கபுஷ்பம் படம் எங்கே என்றுதானே? அடக்க ஆராதனைக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும், படம் கொடுங்கள் என்று சபைப் பிள்ளைகள் அன்றைக்கே கேட்டார்கள். வீடு முழுக்கத் தேடினார்கள். பியூலா படம் போன பிறகு அவள் தானாக ஒரு படத்துக்கும் நிற்கவில்லை. அதற்கு முன்னால் எடுத்த கல்யாணப் படத்தையும் காணவில்லை. என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை. கடைசியில் படம் இல்லாமல் பேரை மட்டும் போட்டு அடித்தார்கள்.

வாக்காளர் அட்டை ஒன்று இருக்கிறது. அதில் நகம் அளவுக்கு ஒரு படம். பள்ளிக்கூட வெயிலில் நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள், கண்ணை இடுக்கிக்கொண்டு இருக்கிறாள். அது ஒன்றுதான் அவளுக்கு. பியூலாவுக்கு அதுவும் இல்லை.